படம் வந்தது, பேச்சு நிற்கவில்லை

திரையில் ஒரு மனிதர் தெரிந்தார். தலைப்பாகை, அடர்ந்த மீசை. கையில் ஏதோ ஒரு செடியை வேரோடு தூக்கிப் பிடித்து, அதைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். குரல் வரவில்லை. படம் முழுக்க அரிசிக் குருணை கொட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஆனாலும் மீசை மீசைதான், செடி செடிதான்.

சாந்தோமில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கீழ்வீட்டு சுலோசனா அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். அந்த மீசைக்காரர் பேசிக்கொண்டிருந்தது டெல்லியில். சென்னைக்குத் தொலைக்காட்சி நிலையம் வர இன்னும் சில வருடங்கள் இருந்தன.

என் கையில் மைக் இருந்தது. மேசையிலிருந்த ரேடியோவில் மூன்று ஆண்கள், சென்னையில் உட்கார்ந்து டெல்லிப் படத்தைப் பார்க்க முடியுமா முடியாதா என்று மும்முரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

காற்றில் ஒரு சபை

சென்ற வாரம் இந்தப் பத்தியில், பள்ளி ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த பட்டப்பெயரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தங்கை மகள் போனில் கேட்டாள்: “பெரியம்மா, அப்பல்லாம் இன்டர்நெட் இல்லாம எப்படிப் பொழுது போச்சு?”

“சண்டை போட்டுத்தான்” என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான். எங்களுக்கு ஹாம் ரேடியோ இருந்தது. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, சொந்தமாக ஒரு ஒலிபரப்புப் பெட்டியைக் கட்டி, வீட்டு மொட்டை மாடியில் கம்பி இழுத்து, முகம் தெரியாதவர்களோடு பேசும் பொழுதுபோக்கு. மைக்கைப் பிடித்துப் பெயரையும் அழைப்புக் குறியையும் சொன்னால் மதுரையிலிருந்தும் பேசுவார்கள், மாஸ்கோவிலிருந்தும் பேசுவார்கள். ஆனால் நாங்கள் அதிகம் பேசியது மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும்தான். நடந்தே போய்ப் பேசிவிட்டு வரக்கூடிய தூரத்துக்கு ஏன் இத்தனை கம்பி என்று என் அம்மா கேட்காத நாள் கிடையாது.

தினமும் பொழுது சாயும் நேரத்தில் எங்கள் சபை கூடும். அதற்குத் தலைவர் கோபால் சார். கச்சேரி சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர் வீடு. மின்சாரத் துறையில் பொறியாளர். குரலிலேயே திருநீறு பூசியிருப்பார். யார் முதலில் பேச வேண்டும், யார் அடுத்து என்று வரிசை சொல்வது அவர்தான்.

அடுத்தவர் தங்கராஜ் அண்ணாச்சி. தி.நகரில் பாத்திரக் கடை. தெற்கத்திக்காரர். கடையின் மச்சில் எவர்சில்வர் அண்டாக்களுக்கு நடுவே பெட்டியை வைத்துக்கொண்டு பேசுவார். கீழே கல்யாண வீட்டுக் கூட்டம் வந்துவிட்டால் “ஒரு நிமிசம்” என்று பாதி வாக்கியத்தில் காணாமல் போவார்.

மூன்றாவது சந்திரன். அடையாறில் வீடு, கிண்டியில் ஒரு கணிப்பொறி மையத்தில் வேலை. எங்களில் யாரும் கம்ப்யூட்டரை நேரில் பார்த்ததில்லை என்பதால் அவர் சொன்னதெல்லாம் செல்லுபடியானது. அட்டையில் துளை போட்டுக் கொடுத்தால் இயந்திரம் கணக்குப் போடும், ஒரு அட்டை இடம் மாறிவிட்டால் மறுநாள் வரைக்கும் தலையில் கைவைத்து உட்கார வேண்டும் என்பார். பிழை இயந்திரத்துடையதா அட்டை அடுக்கினவனுடையதா என்று மட்டும் ஒரு மாதம் அடித்துக்கொண்டோம்.

அடித்துக்கொண்டார்கள் என்று சொல்வதே சரி. வரிசையில் நான் கடைசி. பெண் என்பதற்காக இல்லை, புதிதாகச் சேர்ந்தவர் என்பதற்காக என்றார் கோபால் சார். எனக்குப் பிறகு யாரும் சேராததால் நான் புதியவளாகவே இருந்தேன்.

மறுக்கப்படாத வருத்தம்

எதைப் பற்றித்தான் பேசவில்லை? வால்வு ஒசத்தியா டிரான்சிஸ்டர் ஒசத்தியா, நிலவில் மனிதன் குடித்தனம் நடத்துவானா, தொலைக்காட்சி வந்தால் பிள்ளைகள் படிக்குமா. ஒரு நாள் தங்கராஜ் அண்ணாச்சி, டி.வி.யில் பாத்திரத்தைக் காட்டி வீட்டிலிருந்தபடியே வாங்க வைக்கிற காலம் வரும் என்றார். தட்டிப் பார்க்காமல் எவள் குடம் வாங்குவாள் என்று அவரைச் சிரித்தே உட்கார வைத்துவிட்டார்கள்.

அவரை அப்படிச் சிரித்து உட்கார வைத்தபோது எனக்கு உள்ளூரப் பொறாமையாக இருந்தது.

ஏனென்றால் என்னை யாரும் மறுத்ததே இல்லை. என் முறை வரும்போது எல்லார் வீட்டிலும் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். நான் மூச்சுவிடாமல் என் கட்சியைச் சொல்லி முடித்து ‘ஓவர்’ என்பேன். கோபால் சார், “ரொம்ப நன்னா சொன்னேள் சிஸ்டர். தேங்க் யூ” என்பார். சபை கலைந்துவிடும். நிலவில் தேங்காய் மரம் இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தாலும் ரொம்ப நன்னாதான் இருந்திருக்கும்.

இயற்பியல் படித்தவள் நான். பள்ளியில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைப் பிடித்துப் பெட்டியை நானே கட்டினேன். கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆண்கள் ஒருவரையொருவர் “பேத்தல்”, “உளறல்” என்று உரிமையோடு திட்டிக்கொள்ளும்போது, எனக்கு மட்டும் மரியாதை கிடைத்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வைக்காமல் சந்தனம் மட்டும் கொடுத்து அனுப்புவதுபோல ஒரு மரியாதை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பந்தியில் எனக்கும் ஒரு இலை வேண்டும் என்று ஏங்கினேன்.

டெல்லியிலிருந்து வந்த பெட்டி

சுலோசனா அக்காவின் கணவர் மத்திய அரசு உத்தியோகஸ்தர். டெல்லியிலிருந்து மாற்றலாகி எங்கள் கீழ் போர்ஷனுக்குக் குடிவந்தார்கள். சாமான்களோடு ஒரு டி.வி.யும் லாரியில் வந்தது. இங்கே நிலையம் இல்லை என்று தெரிந்தும் அக்காவுக்கு அதை விட்டுவர மனசில்லை. நடுக்கூடத்தில் வைத்து, மேலே பூவேலை செய்த துணி விரித்து, அதன்மேல் வேளாங்கண்ணி மாதா படத்தை வைத்தார். வருகிறவர்கள் எல்லாம் பெட்டியைப் பார்த்துவிட்டு மாதாவையும் கும்பிட்டுப் போனார்கள்.

“டெல்லில சாயங்காலம் ஆனா இது முன்னாடி உக்காந்துடுவேன் பிலோமினா. இங்க அந்த நேரம் கையும் ஓடல, காலும் ஓடல” என்றார் ஒரு நாள்.

கோடை மாதங்களில் வானத்தின் உயரத்தில் திட்டுத்திட்டாக மின்னேற்றம் பெற்ற படலம் உண்டாகும், எப்போதாவது அது தொலைதூரத்துத் தொலைக்காட்சி அலைகளைத் திருப்பிக் கீழே அனுப்பும் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தேன். எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முயன்று பார்த்தால் என்ன என்று கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. மாதாவை அலமாரிக்கு மாற்றிவிட்டுப் பெட்டியை என் அறைக்கு ஏற்றிவிட்டார்.

அலுமினியக் குழாய்களை அறுத்து ஒரு ஏரியல் செய்தேன். மொட்டை மாடியில் அதைத் தூக்கிக் கட்டியது எங்கள் தெரு பீட்டர் அண்ணன். கம்பத்தில் பாதி ஏறியவர் கீழே பார்த்துக் கேட்டார்: “இன்னாம்மா இது, வஞ்சிரம் முள்ளாட்டம் கீது? எந்தப் பக்கம் மூஞ்சி வெக்கணும்?”

“வடக்கால வைங்கண்ணே. டெல்லிப் பக்கம்.”

“டெல்லி எந்தாண்ட கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீ கையைக் காட்டு, நான் திருப்பிக்கினே வரேன்.”

பல மாலைகள் வெறும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா எட்டிப் பார்த்து, “சும்மா இரைச்சல் போடுற பொட்டிக்கு ஒரு கரண்டு செலவு” என்று முணுமுணுத்துவிட்டுப் போவாள். பிறகு ஒரு ஞாயிறு மாலை, புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு பெண் முகம் எழுந்து வந்தது. கொஞ்சம் நின்று, கரைந்து போய்விட்டது. அக்கா என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தார். “இவளை எனக்குத் தெரியும். டெல்லில செய்தி வாசிக்கிறவ. கொண்டையைப் பாரு, இவளேதான்” என்றார்.

என்னைப் பற்றி, என்னைத் தவிர எல்லாரும்

மறுநாள் சபையில், என் கடைசி முறையில், அதைச் சொன்னேன்.  உடனே கோபால் சார் மைக்கில் வந்தார்.

“ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். கண்ணு ரொம்ப நாழி புள்ளியையே பாத்துண்டிருந்தா என்னென்னவோ தெரியும். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் உள்ளவா ரெண்டு பேர் பாத்தாத்தான் பாத்ததா அர்த்தம். தேங்க் யூ.”

அந்த வழக்கம் உண்மைதான். தூரத்து நிலையம் ஒன்றைக் கேட்டேன் என்று யார் சொன்னாலும் இன்னொருவரும் கேட்டிருக்க வேண்டும். சுலோசனா அக்காவுக்கு லைசென்ஸ் இல்லை. அதனால் அவருடைய கண்கள் கணக்கில் சேரவில்லை.

வேடிக்கை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. என் பேச்சு அவர்களுக்கு நல்ல தீனியாகிவிட்டது. தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போகும், பூமி உருண்டை, ஆகவே முடியாது என்றார் கோபால் சார். மேலே படலம் இருந்தால் முடியும் என்றார் சந்திரன். இத்தனை தூரத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று ஒரு கணக்கு வந்தது. அந்தக் கணக்கு தப்பு என்று இன்னொரு கணக்கு வந்தது. கோடை முழுக்க, நான் பார்த்ததைப் பற்றி மூன்று பேர் விவாதித்தார்கள். நீ என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வந்து பாருங்கள் என்று கோபால் சாரைக் கூப்பிட்டேன். “கட்டாயம் ஒரு நாள் வரேன் சிஸ்டர்” என்றார். கோடையோ முடியப் போகிறது. முடிந்தால் அடுத்த வருடம்வரை படம் வராது. அதற்குள் சுலோசனா அக்காவுக்கு மாற்றல் வந்துவிட்டால் பெட்டியும் போய்விடும். அப்புறம் என் ஆயுள் முழுக்க அந்தச் சபையில் நான் கண்ணில் பூச்சி பறந்த சிஸ்டர்தான். 

பிரேக்

இப்போது அந்த மீசைக்காரரிடம் திரும்பி வருகிறேன்.

அவர் செடியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார் அல்லவா? திடீரென்று திரை முழுக்க சாய்வாகப் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடி, அவரை விழுங்கிவிட்டன. போயிற்று என்று நினைத்தேன். சற்று நேரத்தில் கோடுகள் நின்றன. மீசை இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி கோடு. மறுபடி மீசை.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. கோடு ஓடும் நேரமெல்லாம் கோபால் சார் பேசிக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரத்திலிருந்து அவருடைய ஒலிபரப்பின் வீச்சு டி.வி.யைப் போட்டு உலுக்கியது. அண்ணாச்சி தி.நகரிலிருந்து பேசினால் மெல்லிய கீறல் மட்டும். சந்திரன் அடையாறிலிருந்து பேசினால் ஒன்றுமில்லை. படம் வரவே வராது என்று கோபால் சார் சொல்லும்போதெல்லாம், அவர் சொல்வதாலேயே படம் வரவில்லை.

எங்கள் உலகத்தில் ‘பிரேக்’ என்று ஒரு சொல் உண்டு. யார் பேசிக்கொண்டிருந்தாலும் இடைவெளியில் அதைச் சொன்னால் எல்லாரும் விலகி வழிவிட வேண்டும். உயிர் போகிற காரியத்துக்கு மட்டும் உரியது. ஒரு புயல் சமயத்தில் யாரோ ரத்தம் கேட்டு அப்படிக் கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். வேறு எதற்கும் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

நான் தொட்டேன். “பிரேக், பிரேக்.”

சபை அப்படியே அடங்கிப்போனது. “சொல்லுங்கோ சிஸ்டர். ஆத்துல யாருக்கு என்ன?” கோபால் சாரின் குரலில் பதற்றம்.

“யாருக்கும் ஒண்ணுமில்ல சார். படம் வந்திருக்கு. இந்த நிமிஷம் திரையில இருக்கு. நீங்க பேசினா அழிஞ்சுபோகுது. தயவுசெஞ்சு எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க. ஓவர்.”

இதைச் சொல்லும்போது என் ஒலிபரப்பே திரையை வெள்ளைத் துணியாக்கிவிட்டது. படம் இருக்கிறது என்று நான் சொன்ன நேரத்தில் படம் இல்லை. சுலோசனா அக்கா வாயைத் திறக்காமல் என் மண்டையில் ஒரு குட்டு வைத்தார்.

கோபால் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. “இதுக்கா பிரேக்? பிரேக்னா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுண்டு...” என்று ஆரம்பித்தார். எங்கள் பெட்டிகளில் ஒரு சங்கடம் உண்டு. பேசுகிறவருக்குக் காது கேட்காது. சுவிட்சை இறக்கினால்தான் மற்றவர் குரல் வரும். அவர் விதிமுறைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். திரையில் பட்டைகள் ஓடிக்கொண்டேயிருந்தன. எனக்கு அழுகை முட்டியது.

அவர் ஒருவழியாக முடித்ததும் அண்ணாச்சி குறுக்கே வந்தார். “கோபால் சார், நான் தங்கராசு பேசுதேன். அந்தப் பிள்ளை ஒரு கோடையா சொல்லிக்கிட்டு இருக்கு. நாம பேசிக்கிட்டே இருக்கோம். கொஞ்ச நேரம் வாயைக் கட்டுனா என்ன குறைஞ்சா போயிருவோம்? நான் பெட்டியை அணைக்கேன். ஓவர்.”

அடுத்து சந்திரனும் அணைத்துவிட்டார். கோபால் சாரிடமிருந்து சத்தமே இல்லை.

அந்தச் சபையில் நான் கேட்ட முதல் அமைதி அது. திரை தெளிந்தது. மீசைக்காரர் போய், மாடுகள் வந்தன. மாடுகள் போய், பூவேலைச் சட்டமிட்ட இந்தி எழுத்துகள் வந்தன. அக்கா அதை முணுமுணுத்துப் படித்தார். ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை சந்தோஷத்திலும் என் மனசு ஓரமாக, கோபால் சார் வரமாட்டாரா என்று தவித்தது.

கேள்விகள்

வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது, பிறகு படியில் செருப்புச் சத்தம். பனியனும் வேட்டியுமாக, வியர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றார். அவர் திரையைப் பார்க்கவும், எழுத்துகள் உதிர்ந்து குருணையாகப் போகவும் சரியாக இருந்தது.

“இப்பதான் சார் போச்சு” என்றார் சுலோசனா அக்கா, ஏதோ பஸ் போய்விட்டதுபோல.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். திரும்ப வரவில்லை. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் பேசறச்சே கோடு எப்படி இருந்தது? நேராவா, சாய்வாவா?”

“சாய்வா சார்.”

“தங்கராஜுக்கு?”

“அதுவும் சாய்வுதான். ஆனா ரொம்ப மெல்லிசு.”

“படம் ஒரேயடியாப் போறதா, கொஞ்சம் கொஞ்சமாவா?”

“கொஞ்சம் கொஞ்சமா. கீழ்ப்பக்கம் முதல்ல போகும்.”

“ஏன் கீழ்ப்பக்கம்?”

“தெரியாது சார்.”

“சத்தம் ஏன் வரலை?”

“அதுவும் தெரியாது. கோடை முழுக்க அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்.”

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக்கு மேல் தெரியாது என்றுதான் சொன்னேன். கடைசியில் எழுந்து, “உங்க மைக்கை எடுத்துக்கட்டுமா?” என்றார். கொடுத்தேன்.

மற்ற இருவரும் பெட்டியைத் திரும்பப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் இப்போ பிலோமினா ஆத்துலேர்ந்து பேசறேன்” என்றார். “நான் வரச்சே படம் போயிடுத்து. நான் பாக்கலை. பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவா பாத்திருக்கா. இட்டுக்கட்டிச் சொல்றவாளா இருந்தா நான் கேட்ட ஒவ்வொண்ணுக்கும் பதில் வச்சிண்டிருப்பா. இவா பாதிக்குத் தெரியாதுங்கறா. கண்ணால பாத்தவாதான் அப்படிச் சொல்ல முடியும். ரெண்டு பேர் பாக்கணும்கற நம்ம வழக்கத்தை இன்னிக்கு நான் தள்ளி வைக்கறேன். அப்புறம் ஒண்ணு. இவ்வளவு நாள் இந்தப் படத்தைக் கெடுத்தது நான்தான். ஓவர்.”

“அப்படிச் சொல்லுங்க” என்றார் தங்கராஜ் அண்ணாச்சி.

மறுநாள்

மறுநாள் மாலை சந்திரன் புது விஷயம் கொண்டுவந்தார். இனி பரீட்சைத் தாள்களைக் கம்ப்யூட்டரே திருத்திவிடும் என்றார். கோபால் சார் வரிசை சொன்னார். முதலில் சந்திரன், அடுத்து பிலோமினா என்றார்.

நான் அடித்துப் பேசினேன். பிள்ளைகள் கையெழுத்தையும் அவர்கள் விடுகிற கதையையும் பார்த்தவள் நான், எந்த இயந்திரமும் ஒரு விடைத்தாளைக்கூடத் திருத்தாது, இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை என்றேன். ஓவர் என்று சுவிட்சை இறக்கினேன்.

“சுத்தப் பேத்தல்” என்றார் கோபால் சார். “அஸ்திவாரமே தப்பு. என்றைக்கும் இல்லைன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?”

சந்திரன் என் வாதத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒவ்வொன்றாக உதறினார். அண்ணாச்சி, கடையில் கூட்டத்தைக் காக்க வைத்துவிட்டு வந்து, “டீச்சர் தன் உத்தியோகம் போயிருமேன்னு பேசுதாங்க” என்று ஒரு குத்து விட்டுப் போனார். நான் பதில் சொல்லச் சொல்ல மறுபடி மறுபடி அடி விழுந்தது. என் காது சூடாகிவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாருடி அது, உன்னை இந்தப் பேச்சுப் பேசுறது?” என்றாள்.

“எல்லாரும்தாம்மா” என்றேன்.